மிக்ஸ்டேப் ஃபைல்களை நான் ஏன் இன்னும் அழிக்கவில்லை

ஸ்பாட்டிஃபையில் எல்லாமே கிடைக்கும்போது இந்தப் பழைய ஜிப் ஃபைல்களை ஏன் ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக் கட்டி அழுகிறாய் என்று என்னிடம் கேட்காத நண்பர் இல்லை. எல்லாமே கிடைப்பதில்லை, அதனால்தான். 2005-லிருந்து 2015 வரை அமெரிக்க ஹிப்ஹாப் எந்தப் பக்கம் போனது என்று தெரிய வேண்டுமானால் அந்தக் காலத்தில் கடையில் விற்ற ஆல்பங்களை மட்டும் கேட்டால் போதாது, ராப்பர்கள் காசு வாங்காமல் இணையத்தில் போட்டுவிட்ட மிக்ஸ்டேப்களைக் கேட்க வேண்டும். அவற்றில் பல இன்று எந்த ஸ்ட்ரீமிங் ஆப்பிலும் இல்லை, இருக்கிற சிலதும் அன்றைக்கு வந்த மாதிரி இல்லை. பல வருஷமாக இவற்றைச் சேர்த்து, கேட்டு, ஒழுங்குபடுத்தி வைத்ததில் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன். புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கும், சொந்தமாக ராப் பண்ணி வெளியிட நினைக்கிற தம்பி தங்கைகளுக்கும் உதவினால் சந்தோஷம்.

எனக்கு இது அறிமுகமானது கோயம்புத்தூர் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில். எல்லா ரூமும் லேன் கேபிளில் இணைந்திருக்கும், டிசி பிளஸ் பிளஸ் என்கிற ஃபைல் பகிரும் மென்பொருளைப் போட்டால் யார் கம்ப்யூட்டரில் என்ன படம், என்ன பாட்டு இருக்கிறது என்று தேடிவிடலாம். ஒரு சீனியர் அண்ணனின் ஷேரில் லில் வெய்ன் என்கிற ராப்பரின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது, உள்ளே போனால் ஆல்பங்களை விட மிக்ஸ்டேப்கள்தான் அதிகம். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பாட்டு ஆரம்பித்ததும் நடுவில் யாரோ கத்துகிறார், பீட், அதாவது ராப்புக்கு அடியில் ஓடும் இசை, வேறு யாருடையதோ, கோரஸ் என்று ஒன்று இல்லவே இல்லை, நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது வெட்டிவிட்டு அடுத்த பாட்டு வந்துவிடுகிறது. அண்ணன்தான் உட்காரவைத்து விளக்கினார். கத்துகிறவர் டிஜே, பீட் ஜே-ஸீ என்கிற இன்னொரு ராப்பருடையது, அதே பீட்டில் அவரை மிஞ்சிக் காட்டுவதுதான் இங்கே பந்தயம், அதனால் "ஒரிஜினலை முதல்ல கேளு, அப்புறம் இதைக் கேளு" என்றார்.

இன்றைக்கும் யாராவது கேட்டால் நான் சொல்கிற முதல் யோசனை அதுதான். 2007-ல் வெய்ன் போட்ட 'டா டிராட் 3' கிட்டத்தட்ட முழுக்க மற்றவர்களின் பீட்டில் பண்ணியது. அதில் ஜே-ஸீயின் 'ஷோ மீ வாட் யூ காட்' பீட்டை எடுத்து ஒரு பாட்டு இருக்கிறது. ஒரிஜினலைக் கேட்காமல் நேராக இதற்குப் போனால் நல்ல ராப் என்று தோன்றும், அவ்வளவுதான். ஒரிஜினலைக் கேட்டுவிட்டு வந்தால், ஜே-ஸீ மூச்சு விட்ட இடத்தில் இவர் எப்படி நுழைகிறார், எந்த வரியில் அவரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு எந்த வரியில் தாண்டிப் போகிறார் என்பதெல்லாம் தெரியும். நம் ஊரில் ஒரே ராகத்தை இரண்டு வித்வான்கள் பாடிக் கேட்டால் இருவரின் கையெழுத்தும் தெரிகிறதே, அந்த மாதிரிதான்.

லீவுக்கு வீட்டுக்கு வந்தால் 256 கேபிபிஎஸ் பிராட்பேண்ட். மாதக் கணக்கில் இத்தனை எம்பி என்று அளவு உண்டு, ஆனால் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் வராது. ஒரு மிக்ஸ்டேப் ஜிப் 150 எம்பி இருக்கும், அந்த வேகத்தில் இறங்க ஒன்றரை மணி நேரம் போல ஆகும். டவுன்லோட் மேனேஜரில் இரண்டு மணிக்கு ஆரம்பிக்கிற மாதிரி வரிசை போட்டுவிட்டுத் தூங்குவேன். காலையில் எழுந்ததும் பல் தேய்க்கும் முன்னால் கம்ப்யூட்டரைப் பார்ப்பேன். கரண்ட் போகாமல் இருந்தால் மூன்று டேப் வந்திருக்கும். ஒரு ராத்திரிக்கு இவ்வளவுதான் என்று இருந்ததால் எதை இறக்குவது என்று யோசித்து யோசித்துத் தேர்ந்தெடுத்தோம், இறக்கியதை ஒரு வாரம் முழுக்கக் கேட்டோம். அந்தப் பழக்கம் எனக்கு ரொம்ப நல்லது செய்தது.

சரி, இந்த மிக்ஸ்டேப் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆன்லைனில் நடந்ததன் வேர் எல்லாம் கேசட்டில் இருக்கிறது. நியூயார்க்கில் 70-களிலும் 80-களிலும் பார்ட்டிகளில் டிஜேக்கள் வாசித்ததைக் கேசட்டில் பதிந்து கைமாற்றினார்கள். அப்புறம் கிட் காப்ரி போன்ற டிஜேக்களின் டேப்கள் தெருவில் விற்றன. 90-களில் டிஜே க்ளூ இன்னும் வெளிவராத பாட்டுகளையும் ஃப்ரீஸ்டைல்களையும் முந்திக்கொண்டு போட்டுப் பேர் வாங்கினார். ஹூஸ்டனில் டிஜே ஸ்க்ரூ பாட்டுகளை இழுத்து, வேகம் குறைத்து, ஒரு ஊருக்கே தனி ஓசை கொடுத்தார், 2000-ல் இறந்துவிட்டார். அதுவரைக்கும் மிக்ஸ்டேப் என்றால் டிஜேயின் சொத்து. அதை ராப்பரின் ஆயுதமாக மாற்றியவர்களில் முக்கியமானவர் 50 சென்ட். 2000-ல் அவர் சுடப்பட்டார், பாட்டுக் கம்பெனி கைகழுவிவிட்டது, முதல் ஆல்பம் முடங்கியது. அவர் 2002-ல் மிக்ஸ்டேப்களாக இறக்கினார், மற்றவர்களின் ஹிட் பீட்டுகளை எடுத்து முழுப் பாட்டாகவே மாற்றிப் பாடினார், பெரிய ராப்பரான எமினெம் காதுக்கு எட்டியது, 2003 பிப்ரவரியில் வந்த ஆல்பம் முதல் வாரத்திலேயே 8,72,000 பிரதி விற்றது. கம்பெனி கதவைத் திறக்காவிட்டாலும் ஊரே உன்னைப் பேசும்படி செய்யலாம் என்பது அதற்குப் பிறகு எல்லா ராப்பருக்கும் தெரிந்துவிட்டது.

வெய்ன் அதை இன்னொரு உயரத்துக்குக் கொண்டுபோனார். டிஜே டிராமாவோடு 2005-ல் 'டெடிகேஷன்', 2006-ல் அதன் இரண்டாம் பாகம், பிறகு டிராமா இல்லாமல் 2007-ல் 'டா டிராட் 3' என்று வரிசையாக இறக்கிக்கொண்டே இருந்தார். இவ்வளவு இலவசமாகக் கொடுத்தால் ஆல்பத்தை யார் வாங்குவார்கள் என்ற கேள்விக்கு 2008 ஜூனில் பதில் வந்தது, 'தா கார்ட்டர் 3' முதல் வாரத்தில் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

இதற்கு நடுவில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்ட முடியாது. 2007 ஜனவரி 16 அன்று அட்லாண்டாவில் டிஜே டிராமாவின் ஸ்டுடியோவுக்குள் போலீஸ் துப்பாக்கியோடு நுழைந்து அவரையும் அவரோடு வேலை செய்த டிஜே டான் கேனனையும் கைது செய்தது. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை அள்ளிக்கொண்டு போனார்கள், அமெரிக்க ஒலிப்பதிவுக் கம்பெனிகளின் சங்கமான ஆர்ஐஏஏ ஆட்களும் கூட இருந்தார்கள். ரவுடிக் கும்பல்கள் மேல் போடுகிற ரிக்கோ சட்டத்தை டிஜேக்கள் மேல் போட்டார்கள். இதில் எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் என்னவென்றால், அதே கம்பெனிகளின் விளம்பரப் பிரிவுகள்தான் தங்கள் ராப்பர்களின் பாட்டுகளை டிராமா மாதிரி டிஜேக்களிடம் கொடுத்துப் போடச் சொல்லிக்கொண்டிருந்தன. ஒரு கை கொடுத்தது, இன்னொரு கை விலங்கு போட்டது. அதற்குப் பிறகு கடைக்காரர்கள் மிக்ஸ்டேப் சிடிக்களை வைத்துக்கொள்ளவே பயந்தார்கள், ஏற்கனவே இணையத்துக்கு நகர்ந்துகொண்டிருந்த கூட்டம் மொத்தமாக அங்கே போய்ச் சேர்ந்தது.

அங்கே டேட்பிஃப் இருந்தது. 2005-ல் தொடங்கிய தளம், யார் வேண்டுமானாலும் மிக்ஸ்டேப் ஏற்றலாம், யார் வேண்டுமானாலும் கேட்கலாம், இறக்கலாம். லைவ்மிக்ஸ்டேப்ஸ் இன்னொன்று. அட்டைப்படம், பின்னட்டை, பாட்டு வரிசை, எத்தனை பேர் இறக்கினார்கள் என்கிற எண், எல்லாம் ஒரே பக்கத்தில் தெரியும். பெரிய டேப் வருகிற நாளில் தளம் திணறும். உலகத்தின் எந்த மூலையில் உட்கார்ந்திருந்தாலும் அட்லாண்டாக்காரனுக்கு வருகிற அதே நிமிஷத்தில் எனக்கும் வரும் என்பது அந்த வயதில் எனக்குக் கொடுத்த கிளர்ச்சியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆங்கிலப் பாட்டு சிடி எங்கள் ஊர்க் கடைக்கு வர மாதக்கணக்கு ஆகும், அதுவும் எல்லாம் வராது. மிக்ஸ்டேப்புக்கு எல்லை கிடையாது, விலை கிடையாது, விசா கிடையாது.

ஊர் என்கிற கணக்கும் மாறியது. நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், அட்லாண்டா என்று இருந்த இடத்தில் மிசிசிப்பியின் மெரிடியன் என்கிற சின்ன ஊரிலிருந்து பிக் கிரிட் 2010-ல் தானே பீட் போட்டு, தானே பாடி ஒரு டேப்பை இறக்கினார், அந்த வருஷமே டெஃப் ஜாம் என்கிற பெரிய கம்பெனியில் இடம் கிடைத்தது. பிட்ஸ்பர்க்கிலிருந்து விஸ் கலிஃபாவும் மேக் மில்லரும் வந்தார்கள். சிகாகோவில் ஒரு பக்கம் சீஃப் கீஃப், அதே ஊரில் முற்றிலும் வேறு மாதிரி சான்ஸ் த ராப்பர். டொராண்டோவில் டிரேக். 2009 பிப்ரவரியில் 'ஸோ ஃபார் கான்' டேப்பை டிரேக் தன் சொந்தப் பக்கத்திலேயே இலவசமாகப் போட்டார், அதில் இருந்த ஒரு பாட்டு ரேடியோவுக்குப் போய் அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100-ல் இரண்டாம் இடம் வரை ஏறியது. பாட்டையும் ராப்பையும் ஒரே ஆள் மாற்றி மாற்றிச் செய்வது, குளிர்ந்த மங்கலான பீட், நள்ளிரவு ஃபோன் கால் மனநிலை, இன்று ரேடியோவில் பாதி ராப் இப்படித்தான் இருக்கிறது. அந்த ஓசை பரவலானது காசுக்கு விற்காத ஒரு டேப்பிலிருந்து.

ஏன் இலவச டேப்கள் பல நேரம் அதே ஆளின் ஆல்பத்தை விட நன்றாக இருந்தன? நான் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். ஆல்பம் என்றால் கம்பெனிக்கு ரேடியோ சிங்கிள் வேண்டும், பெண்களுக்கு ஒரு பாட்டு, கிளப்புக்கு ஒரு பாட்டு, பெரிய பெயர் ஒருவர் விருந்தாளியாக வேண்டும். சாம்பிள், அதாவது வேறு பாட்டிலிருந்து ஒரு துண்டு, எடுத்தால் அனுமதி வாங்க வேண்டும், அதற்கு மாதங்களும் பணமும் ஆகும், கிடைக்காவிட்டால் பீட்டையே மாற்ற வேண்டும். மிக்ஸ்டேப்பில் இது எதுவும் இல்லை. ராத்திரி தோன்றியதைப் பதிந்து காலையில் போட்டுவிடலாம். ராப்பர் ஃபியூச்சர் 2014 அக்டோபரிலிருந்து 2015 மார்ச்சுக்குள் மூன்று டேப் இறக்கினார், அந்த ஆறு மாதத்தில் ஒரு மனிதன் தன்னைத் தானே மாற்றி வார்த்துக்கொள்வதைக் காது கொடுத்துக் கேட்க முடிந்தது. ஒரு கம்பெனியின் வெளியீட்டு அட்டவணையில் அது நடந்திருக்காது.

ஆனால் அந்தச் சுதந்திரத்துக்குப் பின்னால் விலை இருந்தது, அதைத்தான் இன்று கேட்பவர்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அனுமதி வாங்காமல் செய்ததை ஸ்ட்ரீமிங்கில் அப்படியே விற்க முடியாது. ஃபிராங்க் ஓஷன் 2011 பிப்ரவரியில் போட்ட 'நாஸ்டால்ஜியா, அல்ட்ரா'வை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் ஒரு பாட்டு ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' இசை மேல் அப்படியே நிற்கிறது, அந்தக் குழுவின் டான் ஹென்லி வெளிப்படையாகவே கோபப்பட்டார். அவ்வளவு அருமையான டேப் இன்றுவரை அதிகாரபூர்வமாக ஸ்ட்ரீமிங்குக்கு வரவில்லை. பாடகர் தி வீக்கெண்ட் அதே வருஷம் மார்ச்சில் இலவசமாகக் கொடுத்த 'ஹவுஸ் ஆஃப் பலூன்ஸ்' 2012-ல் விற்பனைத் தொகுப்பாக வந்தபோது பாடகி ஆலியாவின் குரலிலிருந்து எடுத்த சாம்பிள் காணாமல் போயிருந்தது. பத்து வருஷம் கழித்து 2021-ல்தான் பழைய வடிவம் திரும்ப வந்தது. வெய்னின் 'நோ சீலிங்ஸ்' 2020-ல் ஸ்ட்ரீமிங்குக்கு வந்தது, பல பாட்டுகள் இல்லாமல். சான்ஸின் 'ஆசிட் ராப்' 2019-ல் வந்தது, ஆனால் 'ஜூஸ்' என்கிற பாட்டு இருக்க வேண்டிய இடத்தில் அப்போது ஒரு சின்ன அறிவிப்புதான் ஒலித்தது. அந்த டேப்பில் என் தங்கைக்குப் பிடித்த பாட்டே அதுதான். என்னிடம் 2013-ல் இறக்கிய ஜிப் இருந்ததால் அவளுக்குக் கொடுக்க முடிந்தது.

இலவசமாகத்தானே போட்டோம், யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு மேக் மில்லரின் கதை தெரிந்திருக்க வேண்டும். 2010-ல் லார்டு ஃபினெஸின் பீட் ஒன்றின் மேல் ராப் பண்ணி இலவச டேப்பில் போட்டார், யூடியூபில் அந்தப் பாட்டு பெரிதாக ஓடியது, 2012-ல் ஃபினெஸ் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். பிறகு சமரசம் ஆனது. காசு வாங்கவில்லை என்பது காப்புரிமைச் சட்டத்தில் கவசம் ஆகாது, அந்தப் பாட்டால் வந்த பெயரும் கச்சேரி டிக்கெட்டும் வருமானம்தானே என்று எதிர்த்தரப்பு கேட்கும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். ஃபினெஸும் ஒரு கலைஞர், அந்த பீட்டை உட்கார்ந்து கட்டியவர்.

இனி, எப்படிச் சேமிப்பது என்பதற்கு வருகிறேன். முதலில், ஒரு டேப் கிடைத்தால் ஜிப்பைப் பிரித்த பிறகும் அந்த ஜிப்பை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் அட்டைப்படம், பின்னட்டை, ஃபைல் பெயர்கள் எல்லாம் அன்றைக்கு வந்ததற்கான சான்று. திருத்துவதை எல்லாம் பிரித்த நகலில் செய்யுங்கள். மிக்ஸ்டேப் ஃபைல்களின் டேகுகள், அதாவது ஃபைலுக்குள் எழுதியிருக்கும் பாட்டு விவரங்கள், பெரும்பாலும் குப்பையாக இருக்கும், கலைஞர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இறக்கிக் கொடுத்த தளத்தின் பெயர் இருக்கும், பாட்டு எண் இருக்காது. எம்பி3டேக் என்கிற இலவச மென்பொருளில் ஒரு டேப்பைப் பத்து நிமிஷத்தில் சரி செய்துவிடலாம். டிஜே பெயரை ஆல்பம் ஆர்ட்டிஸ்டில் போடாமல் கமெண்ட் பகுதியில் போடுவது என் வழக்கம், இல்லாவிட்டால் ஃபோனில் ஒரே ராப்பரின் டேப்கள் நாலு இடத்தில் சிதறும்.

அடுத்தது தரம். 320 கேபிபிஎஸ் என்று எழுதியிருந்தால் நம்பிவிட வேண்டாம். 128-ல் இருந்த ஃபைலைத் திரும்ப 320 ஆக மாற்றி ஏற்றுவது அந்தக் காலத்தில் சாதாரணம், அளவு பெரிதாகும், ஓசை தேறாது. ஸ்பெக் என்று ஒரு சின்ன இலவச மென்பொருள் இருக்கிறது, ஃபைலை அதில் போட்டால் அலைவரிசைப் படம் வரும், 16 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கத்தியால் வெட்டின மாதிரி நின்றுபோனால் அநேகமாக அது பழைய 128-தான். உண்மையான 320 என்றால் 20 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். ஒரே டேப்புக்கு இரண்டு மூன்று பிரதி கிடைத்தால் இப்படித்தான் எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்கிறேன். ஆனால் சில டேப்களுக்கு 128 மட்டும்தான் கிடைக்கும், அதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

டிஜே கத்துகிற பதிப்பா, கத்தாத பதிப்பா என்று ஒரு பழைய சண்டை இருக்கிறது. இரண்டும் கிடைத்தால் இரண்டையும் வைக்கிறேன், ஒன்றுதான் என்றால் டிஜே உள்ளதைத்தான் எடுப்பேன். டிராமாவின் குரல் இல்லாத 'டெடிகேஷன் 2' எனக்கு அந்த டேப்பாகவே தோன்றவில்லை. எந்த இடத்தில் பாட்டை நிறுத்தித் திரும்ப முதலிலிருந்து ஓட்டுவது, எந்த வரிக்கு முன்னால் கூட்டத்தைத் தயார் செய்வது என்பதெல்லாம் ஒரு டிஜேயின் கைவேலை.

சுட்டிகளை நம்பவே கூடாது. 2012 ஜனவரியில் ஃபைல் ஏற்றி வைக்கும் தளமான மெகாஅப்லோடை அமெரிக்க அரசு மூடியபோது ஆயிரக்கணக்கான மிக்ஸ்டேப் சுட்டிகள் ஒரே நாளில் செத்தன. டேட்பிஃப் 2023-ல் தளமாக முடங்கியது, நல்லவேளையாக அதன் பெரும் தொகுப்பு இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கிறது, அங்கே ஹிப்ஹாப் மிக்ஸ்டேப்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு, தேடிப் பாருங்கள். ஆனாலும் உங்களுக்கு உயிராக இருக்கும் டேப் என்றால் இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று வேறு ஒருவர் வீட்டில். ஹாஸ்டல் நண்பன் ஒருவனின் ஹார்ட் டிஸ்க் போன வருஷம் திடீரென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. சிறுகச் சிறுகச் சேர்த்தது எல்லாம் போய்விட்டது என்று ராத்திரி ஃபோன் பண்ணினான். அவன் எனக்குக் கொடுத்தது, நான் அவனுக்குக் கொடுத்தது எல்லாம் என்னிடம் இருந்ததால் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது.

சொந்தமாக மிக்ஸ்டேப் போட நினைக்கிறவர்களுக்குக் கொஞ்சம். என் சித்தி பையன் தமிழில் ராப் எழுதுகிறான், அவனுடைய முதல் டேப்பை ஒழுங்கு செய்ய நான் உட்கார்ந்தேன். அவன் பழைய சினிமாப் பாட்டின் இசை மேல் ராப் பண்ணி வைத்திருந்தான், கேட்கவும் நன்றாக இருந்தது. 2007-ல் என்றால் போட்டுவிடு என்றிருப்பேன். இன்று யூடியூபில் ஏற்றிய சில நிமிஷத்தில் கன்டென்ட் ஐடி என்கிற அவர்களின் தானியங்கிச் சோதனை கண்டுபிடித்துவிடும், வருமானம் உரிமையாளருக்குப் போகும், அல்லது பாட்டு தடைபடும். ஒரு பாட்டில் இரண்டு உரிமை உண்டு என்பதை அவனுக்கு விளக்க வேண்டியிருந்தது, ஒன்று பதிவு செய்த ஒலிக்கு, இன்னொன்று மெட்டுக்கும் வரிக்கும். ஒலியை எடுக்காமல் நீங்களே கீபோர்டில் வாசித்தாலும் மெட்டின் உரிமை அங்கேயேதான் இருக்கும். அதனால் அந்தப் பாட்டுகளை மேடைக்கு வைத்துக்கொண்டு, டேப்புக்குப் புதிதாக பீட் போட்டோம். பீட் கொடுத்தது அவன் நண்பன்தான் என்றாலும் யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது, எழுதின பிறகு இரண்டு பேருமே நிம்மதியானார்கள். ஆன்லைனில் பீட் வாங்கினால் லைசென்ஸ் பக்கத்தை அன்றைக்கே பிடிஎஃப் ஆகச் சேமித்துவிடுங்கள், எத்தனை ஸ்ட்ரீம் வரை செல்லும், எத்தனை வருஷம் என்பது அதில்தான் இருக்கும்.

வரிசையில் நேரம் செலவிடுங்கள். நல்ல மிக்ஸ்டேப்கள் எல்லாம் ஒரே மூச்சில் கேட்கிற மாதிரி கட்டப்பட்டவை. ஈழத்தமிழ்க் குடும்பத்தில் லண்டனில் பிறந்த மாயா, அதாவது எம்ஐஏ, 2004-ல் டிப்லோ என்கிற டிஜேயோடு சேர்ந்து செய்த 'பைரசி ஃபண்ட்ஸ் டெரரிசம்' டேப்பைக் கேளுங்கள். அவருடைய முதல் ஆல்பம் வெளிவரும் முன்பே, அதன் பாட்டுகளை மற்றவர்களின் பீட்டுகளோடு பின்னிச் செய்தது. சாம்பிள் அனுமதி இல்லாததால் கடைக்கு வரவே இல்லை, கையிலும் இணையத்திலும் பரவியே அவருக்குப் பெயர் வந்தது. 2010 டிசம்பர் 31 அன்று 'விக்கி லீக்ஸ்' என்று இன்னொன்றை இலவசமாகப் போட்டார், பின்னால் உலகம் முழுக்க ஓடிய 'பேட் கேர்ள்ஸ்' முதலில் தலைகாட்டியது அதில்தான். நம் மொழிக்காரர் ஒருவர் இந்த வடிவத்தை இவ்வளவு நன்றாகக் கையாண்டிருக்கிறார் என்பதைத் தமிழ் ராப் பண்ணுகிற பிள்ளைகளில் நிறைய பேர் கவனிக்கவில்லை என்பது எனக்கு வருத்தம்.

காசு எப்படி வரும் என்று சித்தி கேட்டார், நியாயமான கேள்வி. நிப்ஸி ஹஸ்ல் 2013 அக்டோபரில் 'கிரென்ஷா' டேப்பை இணையத்தில் இலவசமாகக் கொடுத்துவிட்டு, அதே டேப்பின் 1,000 பிரதிகளை ஒன்று 100 டாலர் என்று விற்றார், ஜே-ஸீ மட்டும் 100 வாங்கினார். கேட்பதற்குக் காசு வேண்டாம், உன்னோடு நிற்கிறேன் என்று சொல்வதற்குக் கொடு என்கிற கணக்கு அது. சான்ஸ் எந்தக் கம்பெனியிலும் சேராமல் கச்சேரியிலும் தொப்பி, சட்டை விற்பனையிலும் சம்பாதித்தார். 2016-ல் அவர் போட்ட 'கலரிங் புக்' ஸ்ட்ரீமிங்கில் மட்டும் வந்தது, இரண்டு வாரம் தங்களிடம் மட்டும் இருப்பதற்கு ஆப்பிள் ஐந்து லட்சம் டாலர் கொடுத்ததாக அவரே பின்னால் சொன்னார். 2017 பிப்ரவரியில் அது சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது. நம் பையனுக்கு இதெல்லாம் தூரம்தான். ஆனால் டேப் இலவசம், அச்சடித்த பாட்டு வரிப் புத்தகத்துக்கும் டீ-ஷர்ட்டுக்கும் மட்டும் விலை என்று வைத்ததில் ரெக்கார்டிங் செலவு தேறிவிட்டது, சித்திக்கும் கோபம் குறைந்தது.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால் நான் சொல்கிற வரிசை இது. முதலில் 'டெடிகேஷன் 2', டிஜே குரலோடு. அப்புறம் 'ஸோ ஃபார் கான்', 'ஹவுஸ் ஆஃப் பலூன்ஸ்' பழைய வடிவத்தில், 'ஆசிட் ராப்' முழுசாக. இவற்றைக் கேட்ட பிறகு டைலர், தி கிரியேட்டர் 2021-ல் கொண்டுவந்த 'கால் மீ இஃப் யூ கெட் லாஸ்ட்' ஆல்பத்தைப் போடுங்கள். பெரிய கம்பெனி வெளியீடு, அடுத்த வருஷம் கிராமியும் வாங்கியது. ஆரம்பம் முதல் கடைசி வரை பாட்டுகளுக்கு நடுவே புகுந்து கத்திக்கொண்டே இருப்பவர், 2007-ல் விலங்கு மாட்டிக் கொண்டுபோனார்களே, அதே டிஜே டிராமாதான்.